எல்லாம் பச்சையாக இருந்த மதியம்

…பச்சை, எல்லாமே பச்சை, ஒரு கட்டம்கூடச் சிவக்கவில்லை, அப்புறம் எதற்குக் கீழ்த்தளத்துக் கண்ட்ரோல் ரூமில் இப்படிக் கத்துகிறார்கள் என்று அவள் சுவரில் மாட்டியிருந்த பெரிய திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள், கையிலிருந்த காபி ஆறி ஆடை கட்டியிருந்தது, மழை ஜன்னல் கண்ணாடியில் அறைந்து அறைந்து வழிந்துகொண்டிருந்தது, மதியம்தான், ஆனால் விளக்கைப் போடாமல் எதிரே இருப்பவர் முகம் தெரியாத மதியம். திரையில் ஒவ்வொரு கட்டமும் ஒரு இயந்திரம், நோடு என்பார்கள், எல்லா நோடும் சேர்ந்தால் கிளஸ்டர். ஊரில் எங்கே யார் வழுக்கி விழுந்தாலும், யாருக்கு நெஞ்சு வலித்தாலும், பக்கத்தில் இருக்கிற ஆம்புலன்ஸைத் தேடி அனுப்புகிற மென்பொருள் அவற்றின் மேல்தான் ஓடுகிறது, துண்டு துண்டாக, ஒவ்வொரு துண்டும் தனக்கென்று ஒரு கன்டெய்னருக்குள், வாடகை வீட்டில் குடியிருப்பவர்கள் மாதிரி, இந்த நோடில் இடமில்லையென்றால் அடுத்த நோடு… அந்த வீடுகள் சுகமாக இருக்கின்றனவா என்று பார்ப்பதுதான் அவளுக்குச் சம்பளம். சில நொடிக்கு ஒரு தரம் ஒவ்வொரு நோடும் தலைமை இயந்திரத்துக்கு ஒரு வரி அனுப்பும், இருக்கிறேன், இருக்கிறேன், இருக்கிறேன். வரி வந்தால் பச்சை, வராவிட்டால் சிவப்பு. இன்றைக்கு எல்லாரும் இருக்கிறேன் என்றுதான் சொல்கிறார்கள், வகுப்பில் வருகை எடுக்கும்போது சொல்கிற மாதிரி வரிசையாக, தெளிவாக… ஆனால் உள்ளேன் என்று குரல் கொடுத்துவிட்டு மேசையில் தலைசாய்த்துத் தூங்குகிற பிள்ளையை எந்த வகுப்பில் பார்த்ததில்லை?

மறுபடி போன். ஆம்புலன்ஸ் கேட்டு ஊரிலிருந்து வருகிற அழைப்புகளை எடுக்கிற கண்ட்ரோல் ரூமின் சூப்பர்வைசர், ரிசீவரை எட்டப் பிடித்தாலும் அறை முழுக்கக் கேட்கிற குரல். "சுத்துதுங்க, திரும்பவும் சுத்துது! நாலு பேருக்கு வண்டி எங்கன்னு காட்டுது, அஞ்சாவது ஆளுக்கு வட்டம் சுத்திக்கிட்டே நிக்குது. லைன்ல அழறவங்ககிட்ட நான் என்ன சொல்ல, கம்ப்யூட்டர் யோசிக்குது, கொஞ்சம் பொறுங்கன்னா?" கேப்டன்தான் பதில் சொன்னான், பாத்துட்டே இருக்கோம் மேடம், இதோ ஆச்சு மேடம். கேப்டன் என்பது ஆபீஸில் எல்லாரும் வைத்த பேர், சனிக்கிழமைகளில் அணி சேர்த்துக் கால்பந்து ஆடுகிறவன், இந்தக் குழுவுக்கு அவன்தான் தலைவன், அவளைவிட வயதில் பல வருடம் சின்னவன், வேலை தெரிந்தவன், அது ஒன்றும் பொய்யில்லை… ஆனால் அவனுக்குக் கை பதறினால் வாய் சிரிக்கும், இப்போது சிரித்துக்கொண்டிருந்தான். எந்தக் கன்டெய்னர் மாட்டிக்கொண்டு நிற்கிறதோ அதைத் தேடிப் பிடித்து அழிக்கிறான், அழித்தால் கிளஸ்டர் தானாகவே இன்னொன்றைப் பிறப்பிக்கும், கொஞ்ச நேரம் ஓடும், திரும்ப நிற்கும், திரும்ப அழிக்கிறான். நேற்று சாயங்காலம்தான் மென்பொருளின் புது வெர்ஷனை ஏற்றியிருந்தார்கள், அதில்தான் கோளாறு என்று அவனுக்கு நிச்சயமாகிவிட்டது, பழசுக்கே திரும்பிடலாம், எல்லாத்தையும் ஒரு தடவை நிறுத்தி ஏத்திடலாம் என்று யாரிடமோ சொன்னான், யாரிடமும் இல்லை, தனக்கே சொல்லிக்கொண்டான்.

அவள் மேசையின் ஓரத்து ஜன்னலைத் திறந்தாள், திரையில்தான் ஜன்னல், அவளே எழுதிய சின்ன நிரல் ஓடுகிற ஜன்னல். மூன்று மாதம் முன்னால் எழுதியது. அது நோடுகளிடம் இருக்கிறாயா என்று கேட்காது. ஒரு வேலை வைக்கும், இந்தா, இந்த நாலு வரியை உன் டிஸ்க்கில் எழுது, எழுதியதைத் திருப்பிப் படித்துக் காட்டு, எவ்வளவு நேரம் ஆகிறதென்று நான் பார்க்கிறேன். அவ்வளவுதான், பெரிய வித்தையெல்லாம் இல்லை. ஆனால் முதல் வாரத்திலேயே அது மானத்தை வாங்கிவிட்டது, நல்ல நோடு ஒன்று ஏதோ கோப்புகளை நகலெடுத்துக்கொண்டு கொஞ்சம் மெதுவாக இருந்ததற்கு, செத்துப்போச்சு செத்துப்போச்சு என்று எல்லாருடைய போனிலும் அலாரம் அடித்து, மேனேஜர் யாருடைய கல்யாணத்திலோ பாதி இலையில் எழுந்து வெளியே ஓடிவந்து… மறுநாள் கேப்டன் சிரித்தான், "அக்கா, உங்க புரோகிராம் தொட்டாச்சிணுங்கிக்கா, காத்தடிச்சாலே சுருங்கிக்குது." எல்லாரும் சிரித்தார்கள், அவளும் சேர்ந்து சிரித்தாள், சிரிப்பில் சேராமல் நின்றால் அது இன்னும் மோசம் இல்லையா. அன்றிலிருந்து தொட்டாச்சிணுங்கி என்றே பேர் நிலைத்துவிட்டது. ஓடட்டும், ஆனால் அலாரம் அடிக்கக் கூடாது, எதையும் தொடக் கூடாது, ஓரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கட்டும் என்று தீர்மானம் ஆனது. அவள் மேசை இருந்த இடமும் ஓரம்தான், அதை யாரும் வேண்டுமென்று செய்யவில்லை, செய்யவில்லை என்றுதான் நினைக்கிறாள்.

அதன் பிறகு அவள் அதைச் சும்மா விடவில்லை. ஒரு தடவை தாமதமானால் சிணுங்காதே, திரும்பக் கேள், பக்கத்து நோடுகள் எப்படி இருக்கின்றன என்று பார், உண்மையிலேயே நிறைய வேலை செய்துகொண்டு மெதுவாக இருக்கிறதா, வேலையே செய்யாமல் மெதுவாக இருக்கிறதா, அதைப் பிரித்துப் பார்… மகள் தூங்கப் போகும்முன் பல் தேய்த்தாயா என்று கேட்கும்போது தேய்த்தேன் என்பாள், பிரஷ் காய்ந்து கிடக்கும், வாயைக் கேட்காதே பிரஷைத் தொட்டுப் பார் என்பது வீட்டில் எல்லா அம்மாவுக்கும் தெரிந்த பாடம், அதை ஆபீஸில் சொன்னால் மட்டும் சிரிப்பு வருகிறது. இப்போது அந்த ஜன்னலில் எண்கள் ஓடிக்கொண்டிருந்தன, எல்லா நோடும் கண்ணிமைக்கும் நேரத்தில் எழுதிப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தன, ஒன்றைத் தவிர. அந்த ஒன்று, பெரிய திரையில் மூன்றாவது வரிசையில் பசேலென்று இருக்கிற ஒன்று, நாலு வரி எழுத அரை நிமிஷம் எடுத்தது. மறுபடி சிணுங்குகிறதோ? மறுபடி எல்லாரும் திரும்பிப் பார்க்க, மறுபடி ஒன்றுமில்லை என்று ஆக…

அந்தப் பயம் அவளுக்கு நன்றாகத் தெரியும், பழைய சிநேகிதம். இந்த வேலைக்கு வருவதற்கு முன்னால், வேறு கம்பெனியில், அலாரம் அடித்தால் நெஞ்சு ஒரு துடிப்பை விட்டுவிடும், அப்புறம் அலாரம் அடிக்காதபோதும் விட ஆரம்பித்தது. ஒருநாள் கடையில் வரிசையில் நிற்கும்போது முன்னால் நின்ற யாரோ ஒருத்தர் போனில் அதே மணிச்சத்தம், அவ்வளவுதான், கையிலிருந்த எண்ணெய் பாட்டில் கீழே விழுந்து தரையெல்லாம் வழுக்கி, கடைக்காரப் பையன் மரத்தூளைக் கொண்டுவந்து கொட்டிக்கொண்டிருக்க, அவள் அப்படியே நின்றாள், கை இரண்டும் தன் பேச்சைக் கேட்காமல் ஆடிக்கொண்டிருந்தன. கணவர் ஒன்றும் பெரிதாகப் பேசவில்லை, வீட்டுக்கு வந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, "வேலை இன்னொண்ணு கிடைக்கும், இது இன்னொண்ணு கிடைக்குமா" என்றார், வாழ்க்கையில் அவர் சொன்ன ஒரே வசனம் அதுதான் என்று பிறகு கேலி செய்வாள். இரண்டு வருடம் வீட்டில் இருந்தாள். திரும்பி வந்தபோது எல்லாரும் அன்பாகத்தான் இருந்தார்கள், ரொம்ப அன்பாக, கண்ணாடிச் சாமானைக் கைமாற்றுகிற மாதிரி, நீங்க விடுங்கக்கா நாங்க பாத்துக்கறோம், நீங்க கெளம்புங்கக்கா மழை வருது… இதில் குறை சொல்ல என்ன இருக்கிறது, குறை சொன்னால் மனுஷியா அவள், ஆனால் பாத்துக்கறோம் என்று சொல்லிச் சொல்லியே ஒருத்தியைப் பார்க்காமல் இருக்க முடியும் என்று அவளுக்கு இங்கேதான் தெரிந்தது.

போன் அதிர்ந்தது, கணவர், மழைக்குப் பள்ளியை சீக்கிரம் விடுகிறார்களாம், யார் போவது. நீங்க போயிட்டு வந்துடுங்க, எனக்கு இங்க ஒண்ணு இருக்கு என்றாள். என்ன இருக்கு என்றார். தெரியல, இருக்கு என்று வைத்துவிட்டாள், வைத்த பிறகுதான் தன் குரலில் அவசரம் இருந்ததே தவிர நடுக்கம் இல்லை என்று தோன்றியது, அதை நின்று பார்க்க நேரமில்லை, ஏனென்றால் அதே சமயம் கேப்டன் இன்னொரு கன்டெய்னரை அழித்தான், அவள் கண் தற்செயலாக அது மறுபடி எங்கே பிறக்கிறது என்று பார்த்தது. மூன்றாவது வரிசை. அந்த நோடு. சரி, ஒரு தடவை. அவன் அடுத்ததை அழித்தான். அதுவும் அங்கேயே. அடுத்தது… அட, அட, அட! இப்படியும் உண்டா, அவன் காலி செய்யச் செய்ய அங்கேதான் இடம் நிறைய இருக்கிறது, இடம் நிறைய இருப்பதால் கிளஸ்டர் புதிதாய்ப் பிறப்பதையும் அங்கேயே அனுப்புகிறது, மூச்சுவிட முடியாத வீட்டிலிருந்து குடித்தனக்காரரை இழுத்து வெளியே போட்டு, வீடு காலியாக இருக்கிறதே என்று அவரையே திரும்ப அதற்குள் தள்ளிக் கதவைச் சாத்துகிற மாதிரி! இதில் பழைய வெர்ஷனுக்குத் திரும்புகிறேன் என்று எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் நிறுத்தி ஏற்றினால்… ஏற்றினால் என்ன ஆகும், இப்போது அஞ்சாவது ஆளுக்கு நிற்பது, ஏற்றி முடிக்கும்வரை எல்லாருக்கும் நிற்கும், இந்த மழையில். அவள் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிய சத்தத்தில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள், பார்க்கட்டும்.

"தம்பி, நிறுத்துங்க."

கேப்டன் நிமிர்ந்தான். வாயில் அந்தச் சிரிப்பு. "அக்கா, ஒரு நிமிஷம்க்கா, பழசுக்கே ரோல்பேக் குடுக்கப் போறேன், அப்புறம் பேசலாம்."

"அதத்தான் நிறுத்தச் சொல்றேன். நீங்க தூக்கறதெல்லாம் எங்க போய் உக்காருது பாத்தீங்களா?"

"எங்கயாவது உக்காரும், அதான் தானா எடம் பாத்துக்குமே."

"எங்கயாவது இல்ல. தூக்குன எடத்துலயே. மூணாவது வரிசை, இதோ இது. நீங்க காலி பண்ணப் பண்ண அங்கதான் எடம் இருக்கு, அதனால அங்கயேதான் வருது."

அவன் பார்த்தான். ஒன்றை அழித்துப் பார்த்தான். அங்கேயே வந்தது. வாய் சிரிப்பை நிறுத்தியது. "ஆனா நோடு பச்சையா இருக்கேக்கா…"

"இருக்கேன்னு சொல்றதுக்கு டிஸ்க் வேணாம் தம்பி. எழுதறதுக்குத்தான் வேணும். அதுக்கு டிஸ்க் போச்சு."

இந்த வாக்கியம் எங்கிருந்து வந்தது, தயார் செய்து வைத்திருந்தாளா, இல்லை, வாயைத் திறந்ததும் வந்து நின்றது. மேனேஜர் கதவருகே நின்றிருந்தார், எப்போது வந்தார் தெரியவில்லை, அவர் கேட்டார், கிண்டலில்லை, உண்மையாகவே கேட்டார், "தொட்டாச்சிணுங்கி சொல்லுதா?" அவள் அவரைப் பார்த்தாள், அந்தக் கல்யாண இலை ஞாபகம் வந்தது, இரண்டு பேருக்கும் வந்திருக்கும். தப்பாகப் போனால்? தப்பாகப் போனால் அடுத்த ஓரம் கதவுக்கு வெளியேதான். "அதுவும் சொல்லுது சார். நானும் சொல்றேன்." அவர் கேப்டனைப் பார்த்தார். கேப்டன் தன் நாற்காலியிலிருந்து எழுந்தான். எழுந்து அதை அவள் பக்கம் திருப்பிவிட்டான். "உக்காருங்கக்கா, நீங்களே பண்ணுங்க."

உட்கார்ந்தாள், விசைப்பலகை சூடாக இருந்தது, அவன் விரல் சூடு. முதலில் பூட்டு, இனிமேல் இந்த நோடுக்குப் புதுக் குடித்தனம் எதுவும் வராது, பூட்டியாயிற்று. அடுத்து உள்ளே இருப்பவர்களை ஒவ்வொருவராக வெளியேற்றுவது, அவசரப்படாமல், முதலில் அடுத்த நோடில் ஒன்று எழுந்து நின்று வேலையை வாங்கிக்கொண்ட பிறகுதான் இங்கே இருப்பது போகலாம், ஒன்று போனது, இன்னொன்று, வா, வா, நல்ல பிள்ளை, நீயும் போ… கடைசி ஒன்று போகவில்லை. போ என்றால் போகிறேன் என்கிறது, போகவில்லை, எழுத வேண்டியதை எழுதிவிட்டுத்தான் போவேன் என்று அந்தச் செத்த டிஸ்க்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. மின்சாரத்தையே நிறுத்திவிடலாம், இங்கிருந்தே ஒரு கட்டளை போதும், ஆனால் அந்தக் கன்டெய்னர் வழியாக யாராவது உதவி கேட்டுப் பேசிக்கொண்டிருந்தால்? போனைக் கையிலெடுத்துக் கீழே கேட்டாள், தானே, கேப்டனிடம் நீட்டாமல். சூப்பர்வைசர் தேடிப் பார்த்துவிட்டு, குரல் முதன்முறையாகத் தணிந்து, "ஒண்ணு இருக்குங்க. குழந்தைக்கு மூச்சுத் திணறல். அம்மா பேசுறாங்க, பாதி அட்ரஸ்தான் சொல்லியிருக்காங்க" என்றாள். பேச்சு போய்க்கொண்டிருக்கிறது, எழுத்துதான் போகவில்லை. நிறுத்தினால் பேச்சும் அறுந்துவிடும். "அட்ரஸ முழுசா வாங்குங்க. கையில எழுதிக்குங்க. அவங்க நம்பரையும். வாங்கிட்டு எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க, நான் லைன்லயே இருக்கேன்." காத்திருந்தாள். அந்தப் பக்கம் ஓர் இளம்பெண் நிதானமாகக் கேள்வி கேட்பது தேய்ந்து கேட்டது, எந்தத் தெரு, பக்கத்துல என்ன இருக்கு, எத்தனாவது மாடி… பின்னால் கேப்டன் மூச்சுவிடுவது கேட்டது, மேனேஜர் பேனாவைத் திறந்து மூடுவது கேட்டது, ஆபீஸ் முழுக்க நீங்க விடுங்கக்கா என்று சொல்ல ஒருத்தர்கூட இல்லை, அவள் ஆள்காட்டி விரல் விசையின் மேல் இருந்தது, அதைப் பார்த்தாள், அசையாமல் இருந்தது, கல் மாதிரி இல்லை, பூனை பாய்வதற்கு முன் இருக்குமே அப்படி.

"வாங்கியாச்சு! பக்கத்து வண்டிக்கு வாக்கிடாக்கில சொல்லிட்டோம். அடிங்க!"

அடித்தாள். மூன்றாவது வரிசைக் கட்டம் கொஞ்ச நேரம் பச்சையாகவே நின்றது, இருக்கிறேன் என்ற கடைசி வரியின் மிச்சத்தில், பிறகு சிவந்தது. அன்றைக்கு அந்தத் திரை பேசிய முதல் உண்மை. எல்லாரும் சிவப்பைக் கண்டால் பயப்படுவார்கள், இவளுக்குக் குங்குமச் சிவப்பாக அத்தனை அழகாக இருந்தது. கீழிருந்து போன் வரவில்லை. வரவேயில்லை. வராதது என்றால் நல்லதா, கெட்டதா, மேனேஜர் எட்டிப் பார்த்தார், கேப்டன் அவள் தோளுக்கு மேலாகக் குனிந்து வரைபடத்தைப் பார்த்தான், தாமதக் கோடு மலையிறங்குகிற மாதிரி இறங்கி, இறங்கி, தரையோடு படுத்தது. அப்புறம் வந்தது போன். "வருதுங்க! தட்டுனா வருது! அந்தக் குழந்தைகிட்ட வண்டி போய்ச் சேர்ந்துடுச்சாம், ஆக்ஸிஜன் மாஸ்க் வச்சுட்டாங்களாம்!" பின்னால் ஒரு அறை முழுக்கக் கூச்சல், இதுவும் கூச்சல்தான், ஆனால் இது வேறு கூச்சல். அவள் சரிங்க என்று சொல்லிப் போனை வைத்தாள்.

அத்தோடு முடிந்ததா, முடியவில்லை, கேப்டன்தான் கண்டுபிடித்தான், அவள் ஜன்னலை, தொட்டாச்சிணுங்கியின் ஜன்னலை, முதன்முறையாகக் கூர்ந்து படித்துக்கொண்டிருந்தவன், "அக்கா, இது என்ன, கடைசி வரிசையில இன்னொரு நோடுக்கு நேரம் ஏறுதே" என்றான். ஆமாம், ஏறியது, இன்னும் யாருக்கும் தெரியாத அளவுக்கு, இருமல் வருவதற்கு முன்னால் தொண்டை அரிக்குமே அந்த அளவுக்கு. செத்த டிஸ்க்கோடு ஒன்றாக வாங்கியதுதான் அதன் டிஸ்க்கும், கேப்டன் தேடிப் பார்த்துச் சொன்னான். அவள் பூட்டப் போனாள். அவன் கையை நீட்டித் தடுத்தான். "இருங்கக்கா. நீங்க பண்ணாதீங்க." ஒரு கணம் பழைய எரிச்சல் எழுந்தது, திரும்பவும் நீங்க விடுங்கக்காவா… இல்லை, அவன் மேனேஜரைப் பார்த்துக் கேட்டான், "சார், தொட்டாச்சிணுங்கிய அவுத்து விடலாமா? அதுவே பண்ணட்டும்." மேனேஜர் பேனாவை மூடினார். "அவுத்து விடுங்க." அவள் ஒரே ஒரு வரியை மாற்றினாள், பார்க்க மட்டும் என்று இருந்ததை எடுத்துவிட்டாள், அவ்வளவுதான், கட்டிப்போட்டிருந்த கை அவிழ்ந்தது. மூன்று பேரும் கை கட்டிக்கொண்டு நின்றார்கள். நிரல் ஒரு தடவை கேட்டது, இரண்டாம் தடவை கேட்டது, பக்கத்து நோடுகளைப் பார்த்தது, மூன்றாம் தடவை கேட்டது, பிறகு யாரிடமும் சொல்லாமல் பூட்டியது, உள்ளே இருந்தவர்களை ஒவ்வொருவராகக் கைபிடித்து அடுத்த வீட்டுக்கு அனுப்பியது, கீழே ஒரு வட்டம்கூடச் சுற்றவில்லை, ஒரு போன்கூட வரவில்லை, ஊரில் யாருக்கும் தெரியாமல் ஒரு விபத்து நடக்காமல் போனது. கேப்டன் கைதட்டினான், தனியாக, பிறகு எல்லாரும், மேனேஜர்கூட மேசையைத் தட்டினார். "பேர மாத்தணும்க்கா இதுக்கு" என்றான் கேப்டன், முகமெல்லாம் வேர்வை. "வேண்டாம் தம்பி, இருக்கட்டும், பேர்ல என்ன, சிணுங்கட்டும்" என்றாள், எல்லாரும் சிரித்தார்கள், இந்தத் தடவை அவள் முதலில் சிரித்தாள்.

கண்ட்ரோல் ரூமுக்கு இறங்கிப் போய்ப் பார்க்கலாம் என்று மாடிப்படிக்கு வந்தவளுக்கு உடம்பு லேசாக, பசியும் களிப்புமாக, யாரையாவது கட்டிப்பிடித்துத் தூக்கிச் சுற்றலாம் போலிருந்தது. கணவருக்கு அடித்தாள். பாப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாராம், இரண்டு பேரும் தெப்பமாக நனைந்துவிட்டார்களாம், துவட்டிக்கொண்டிருக்கிறார்களாம். "என்னாச்சு, குரலே ஒரு மாதிரி இருக்கு?" என்று அவர் பயந்து கேட்டார், அந்தப் பயம் பாவம் அவருக்குப் பழக்கமாகிவிட்டது. "ஜெயிச்சாச்சுங்க" என்றாள். அந்த வார்த்தைதான் வந்தது. முடிஞ்சாச்சு என்றோ, சரியாயிடுச்சு என்றோ வந்திருக்கலாம். அந்தப் பக்கம் ஏதோ உருள்கிற சத்தம், பெண் போனைப் பிடுங்கிவிட்டாள், மூச்சு வாங்க, "நீ ஜெயிச்சியாம்மா? அப்ப தோத்தது யாரு?"

யாரு… படியில் நின்றாள். அந்த நோடா, பாவம், அதுக்கு என்ன தெரியும், டிஸ்க் போன பிறகும் தன்னால் முடிந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தது. கேப்டனா, அவன் மேலே உட்கார்ந்து நடந்ததை ஒன்றுவிடாமல் எல்லாருக்கும் அவள் பேரைச் சொல்லியே சொல்லிக்கொண்டிருப்பான், தோற்றவன் அப்படிச் சொல்வானா. எண்ணெய்த் தரையில் கை நடுங்க நின்றாளே அவளா? அவளையா தோற்கடித்தோம்? ஆனால் நாலு வரி எழுத வைத்துப் பார்க்கத் தோன்றியது அவளுக்குத்தானே, இருக்கிறேன் என்று சொல்கிறவர்களை நம்பக் கூடாதென்று தெரிந்தவள் அவள்தானே, அவள் இல்லாமல் இன்றைக்கு…

"அம்மா, சொல்லு, யாரு?"

"தெரியலடி" என்றாள், சிரிப்பு இன்னும் முகத்தில் அப்படியே இருந்தது, "யோசிச்சு வீட்டுக்கு வந்து சொல்றேன்", கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, உண்மையிலேயே யோசித்தபடி, ஒவ்வொரு படியாக இறங்க ஆரம்பித்தாள்.